500 சுற்று, 1000 பிரேக்!

கார் ரேஸ்னு சொன்னதுமே நம்ம எல்லாருக்கும் ஞாபகம் வர்றது ஃபார்முலா 1 தான். தரையோட ஒட்டின மாதிரி ஒல்லியா ஒரு கார், அதுக்குள்ள ஷூமாக்கர். ஆனா அமெரிக்காவுல வேற ஒரு ரேஸ் இருக்கு. அதுக்குப் பேர் ஸ்டாக் கார் ரேஸ். அதுல ஓடுற கார் பார்க்க ரோட்டுல போற கார் மாதிரியே இருக்கும். கூரை இருக்கும், பானெட் இருக்கும், டிக்கி இருக்கும். முப்பத்துச் சொச்சம் கார்கள் ஒரே மைதானத்துல சுத்திச் சுத்தி வரும். எப்பவும் இடது பக்கமாவே திரும்பும்.

இதைச் சொன்னதும் எங்க கிளாஸ்ல ஒருத்தன், "செக்கு மாடு மாதிரி சுத்துறதுல என்னடா இருக்கு?"ன்னு கேட்டான். நியாயமான கேள்விதான். அதுக்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ஸ்டாக் கார்னா, கடையில விற்பனைக்கு இருக்கிற கார்னு அர்த்தம். 1948-ல் பில் ஃப்ரான்ஸ் என்பவர் நாஸ்கார் என்ற அமைப்பைத் தொடங்கினார். 1949-ல் அவங்க நடத்தின முதல் சீசன்ல நிஜமாவே கடையில வாங்கின காரைத்தான் ஓட்டினாங்க. இப்போ அப்படி இல்லை. வெளித் தோற்றம் மட்டும்தான் கடைக் கார். உள்ளே இரும்புக் குழாய்க் கூண்டு, 8 சிலிண்டர் எஞ்சின், ஒரே ஒரு சீட். டிரைவரோட சேர்த்து ஏறக்குறைய 1500 கிலோ எடை. நம்ம கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஃபார்முலா 1-ல் ஓட்டின கார் 600 கிலோ சொச்சம்தான்! இந்த எடை வித்தியாசத்தை மனசுல வெச்சுக்குங்க, கட்டுரை முழுக்கத் தேவைப்படும்.

நரேன் பேரைச் சும்மா சொல்லலை. அவர் 2010-ல் அமெரிக்கா போய் நாஸ்காரோட டிரக் பிரிவுல ஓட்டினார். (டிரக்னா லாரி இல்லீங்க, பின்னாடி திறந்த பிக்கப் வண்டி.) அவருடைய முதல் நாஸ்கார் பந்தயம் நடந்த இடம் வர்ஜீனியா மாநிலத்துல இருக்கிற மார்ட்டின்ஸ்வில். 250 சுற்றுப் பந்தயம். 13-வது இடத்துல முடிச்சார். முதல் தடவையே அந்த மைதானத்துல 13-வதுன்னா அது எவ்வளவு பெரிய விஷயம்னு கட்டுரையைப் படிச்ச பிறகு உங்களுக்கே புரியும். நான் சொல்லப் போறதும் அதே மைதானத்தைப் பத்தித்தான்.

மார்ட்டின்ஸ்வில் மைதானத்தை 1947-ல் கட்டினவர் கிளே ஏர்ல்ஸ். அப்போ அது வெறும் மண் தரை. முதல் பந்தயத்துக்கு நல்ல டிரஸ் போட்டுக்கிட்டு வந்த ஜனங்க எல்லாரும் புழுதி பூசிக்கிட்டுத்தான் வீட்டுக்குப் போனாங்களாம். 1955-ல் தார் போட்டாங்க. கார்கள் வளைவுல தாரைப் பிய்ச்சு எடுத்ததால, 1976-ல் வளைவுகளுக்கு மட்டும் கான்கிரீட் போட்டாங்க. 1949-ஆம் வருஷத்து முதல் சீசன்லயே இங்கே பந்தயம் நடந்திருக்கு. அன்னையிலிருந்து விடாமல் நடந்துக்கிட்டு வருது.

மைதானத்தோட நீளம் 0.526 மைல், அதாவது சுமார் 846 மீட்டர். ஸ்போர்ட்ஸ் டே அன்னைக்கு ஓடுற டிராக் 400 மீட்டர். அதுல ரெண்டு சுற்றுக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான்! நாஸ்கார்ல இப்படிச் சின்னதா இருக்கிற மைதானத்தை ஷார்ட் டிராக்னு சொல்றாங்க. இதுவே டாலடேகான்னு ஒரு மைதானம் இருக்கு, அது 2.66 மைல். அங்கே வளைவு 33 டிகிரி சரிவா, சுவர் ஏறுற மாதிரி இருக்கும். அதனால ஆக்ஸிலேட்டர்ல இருந்து காலை எடுக்காமலே திரும்பிடலாம். மார்ட்டின்ஸ்வில்ல சரிவு வெறும் 12 டிகிரி. பார்க்கிறதுக்கு பேப்பர் கிளிப் மாதிரி இருக்கும். ரெண்டு நேர்கோடு, ரெண்டு குறுகலான வளைவு.

நேர்கோடு ஒவ்வொண்ணும் 800 அடி, அதாவது 244 மீட்டர். நான் நோட்டுல கணக்குப் போட்டுப் பார்த்தேன். 846-ல் ரெண்டு நேர்கோட்டையும் கழிச்சா 358 மீட்டர் மிச்சம். அதை ஒரு முழு வட்டம்னு வெச்சுக்கிட்டா ஆரம் வெறும் 57 மீட்டர்தான் வருது. நேர்கோட்டு முடிவுல கார் வர்ற வேகம் மணிக்கு ஏறக்குறைய 190 கி.மீ. அந்த வேகத்துல 57 மீட்டர் ஆரத்துல திரும்பவே முடியாது. அதனால வேகத்தைப் பாதியாக்கணும், சுமார் 95-க்குக் கொண்டு வரணும். திரும்பின உடனே மறுபடி 190. மறுபடி பிரேக்.

ஒரு சுற்றுக்கு ரெண்டு வளைவு. ஒரு சுற்று முடிக்க ஆகும் நேரம் சுமார் 20 விநாடி. அப்போ பத்து விநாடிக்கு ஒரு தடவை பலமா ஒரு பிரேக்! பெரிய பந்தயம் 500 சுற்று. தூரம் 263 மைல், அதாவது 423 கி.மீ. ஐநூறை ரெண்டால பெருக்குங்க. ஆயிரம் பிரேக்.

இப்போ கொஞ்சம் இயற்பியல். (ஓடாதீங்க, ஒரே ஒரு பத்திதான்!) இயக்க ஆற்றல்ல வேகத்தோட இருமடி வருதில்லையா? வேகம் பாதியானா ஆற்றல் நாலுல ஒரு பங்காயிடும். மீதி முக்கால் பங்கு எங்கே போகும்? ஆற்றலை அழிக்க முடியாதே! அதுல பெரும்பகுதி பிரேக் டிஸ்க்ல வெப்பமா மாறுது. 1500 கிலோ காருக்குப் போட்டுப் பார்த்தா ஒரு பிரேக்குக்கு 15 லட்சம் ஜூல் வருது. இதை வெச்சு 30 டிகிரியில இருக்கிற 5 லிட்டர் தண்ணியைக் கொதிக்க வெச்சுடலாம். ஒவ்வொரு பத்து விநாடிக்கும் அஞ்சு லிட்டர்! மூணு மணி நேரத்துக்கு மேல இதே கதை. சாயங்காலம் இருட்டுற நேரத்துல பார்த்தா, சக்கரத்துக்குள்ள டிஸ்க் அடுப்புக் கங்கு மாதிரி சிவப்பா எரியுறது கண்ணுக்கே தெரியும். இரும்பு அப்படிச் சிவக்கணும்னா 500 டிகிரிக்கு மேல சூடாகணும்.

இந்தச் சூடு என்னென்ன செய்யும் தெரியுமா? பிரேக் ஆயில் கொதிச்சுக் குமிழி வந்துட்டா, பெடலை மிதிச்சா கால் நேரா தரைக்குப் போகும், கார் நிக்காது. சில சமயம் சூடு சக்கரத்துக்குப் பரவி, டயரோட விளிம்பு உருகிக் காத்து இறங்கிடும். அதனால முன்பக்கத்துல இருந்து குழாய் வெச்சு டிஸ்க் மேல காத்து அடிக்கிற மாதிரி ஏற்பாடு பண்ணியிருப்பாங்க. முன் பிரேக்குக்கு எவ்வளவு, பின் பிரேக்குக்கு எவ்வளவுன்னு டிரைவரே உட்கார்ந்த இடத்துல இருந்து மாத்திக்கலாம். ஆனா இதெல்லாம் ஓரளவுக்குத்தான். 100 சுற்றுப் பந்தயம்னா கண்ணை மூடிக்கிட்டு முழு வேகத்துல ஓட்டிடலாம். 500 சுற்றுக்கு அது ஆகாது. முதல் 200 சுற்றுல ஹீரோ மாதிரி பிரேக் போட்டவன் 400-வது சுற்றுல பிரேக் இல்லாம சுவர்ல போய் நிப்பான். கெட்டிக்காரன் நேர்கோடு முடியறதுக்குக் கொஞ்சம் முன்னாடியே காலை எடுத்து, காரைத் தானா உருள விட்டு, மெதுவா பிரேக்கைத் தொடுவான். பார்க்கிறவங்களுக்கு இவன் என்ன இப்படி மெதுவாப் போறான்னு தோணும். கடைசி 50 சுற்றுல தெரியும்.

டயரும் இப்படித்தான். இடது பக்கமே திரும்புறதால காரோட எடை எல்லாம் வலது பக்க டயர்கள் மேல சாயும். அது தேயத் தேய கார் வழுக்க ஆரம்பிக்கும், சுற்றுக்குச் சுற்று நேரம் கூடிக்கிட்டே போகும். டயர் மாத்த பிட்டுக்குள்ள போகணும். நாலு டயர் மாத்தி பெட்ரோல் ஊத்த பத்துப் பதினோரு விநாடிதான் ஆகுது. ஆனா பிட்டுக்குள்ள வேக வரம்பு உண்டு, மெதுவா நுழைஞ்சு மெதுவாத்தான் வரணும். இங்கே ஒரு சுற்றே 20 விநாடி. நீங்க டயர் மாத்திட்டு வர்றதுக்குள்ள மத்தவங்க ஒண்ணு ரெண்டு சுற்று முந்திடுவாங்க! அதனால எல்லாரும் மஞ்சள் கொடிக்குக் காத்திருப்பாங்க. எங்கேயாவது விபத்து நடந்தா மஞ்சள் கொடி காட்டுவாங்க, எல்லாரும் ஒரு காருக்குப் பின்னால மெதுவா வரிசையா போகணும். அப்போ பிட்டுக்குப் போனா நஷ்டம் குறைவு. ஆனா அது எப்போ வரும்னு யாருக்கும் தெரியாது. டயர் தேஞ்சு போச்சு, போகவா, இன்னும் பத்து சுற்று பொறுக்கவா? இந்த ரேஸ்ல எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். வேகத்தைவிட இந்தத் தவிப்புல அதிக விறுவிறுப்பு இருக்கு.

முந்துறது இன்னும் கஷ்டம். உள்பக்கம்தான் தூரம் குறைவு. வெளிப்பக்கம் தள்ளப்பட்டவன் மறுபடி உள்ளே நுழைய இடம் கிடைக்காம, ரயில் பெட்டி போற மாதிரி வரிசையா அஞ்சாறு காரைப் போக விட்டுட்டு நிப்பான். அதனால முன்னாடி போறவனைப் பின்னாலிருந்து பம்பரால லேசா முட்டி, ஒதுக்கிட்டுப் போறது இங்கே சகஜம். முட்டு வாங்கினவன் சும்மா இருக்க மாட்டான், அடுத்த அம்பதாவது சுற்றுல ஞாபகமா திருப்பிக் கொடுப்பான்.

கொசுறு: இங்கே ஜெயிச்சா கோப்பை கிடையாது! 1964-லிருந்து ஆளுயர மரக் கடிகாரம்தான் பரிசு. பக்கத்து ஊர் ரிட்ஜ்வேயில தயாரானது. ரிச்சர்ட் பெட்டி இந்த மைதானத்துல 15 தடவை ஜெயிச்சவர். ஆனா 15 கடிகாரம் கிடைக்கலை, ஏன்னா அவர் முதல் வெற்றி 1960-லேயே வந்துடுச்சு.

சரி, இப்போ முக்கியமான கதைக்கு வர்றேன். 2022 அக்டோபர் 30. அந்த வருஷ விதிப்படி, இந்தப் பந்தயம் முடிஞ்சதும் நாலே நாலு பேர்தான் இறுதிப் போட்டிக்குப் போக முடியும். கடைசிச் சுற்று. ராஸ் சாஸ்டெய்ன் 10-வது இடத்துல இருக்கார். முன்னாடி 5-வதா டென்னி ஹாம்லின். சாஸ்டெய்னுக்கு இன்னும் ரெண்டு இடம் முன்னேறியாகணும், இல்லைன்னா ஹாம்லின் இறுதிக்குப் போயிடுவார். மிச்சம் இருக்கிறது அரைச் சுற்று. சாதாரணமா பிரேக் போட்டுத் திரும்பினா வாய்ப்பே இல்லை.

அவர் பிரேக் போடலை! கியரை அஞ்சுக்கு மாத்தினார், ஆக்ஸிலேட்டரை முழுசா மிதிச்சார், காரை வெளிச்சுவர்ல சாய்ச்சார், ஸ்டியரிங்கை விட்டுட்டார். கார் சுவரை உரசிக்கிட்டே, தீப்பொறி பறக்க, வளைவு முழுக்க ஓடிச்சு. அஞ்சு காரைத் தாண்டி ஹாம்லினுக்கு முன்னாடி கோட்டைத் தொட்டார். சின்ன வயசுல விளையாடின நாஸ்கார் வீடியோ கேம்ல இப்படிச் செய்வேன்னு அவரே பிறகு சொன்னார். அந்தச் சுற்றோட நேரம் 18.845 விநாடி. தனியா ஒரு காரை விட்டு வேகம் பார்க்கிற தகுதிச் சுற்றுல 2014-ல் ஜோயி லோகானோ செஞ்ச சாதனையே 18.898 தான். அதாவது, 499 சுற்று ஓடின பிறகு சாதனையை முறியடிச்சிருக்கார்.

இது எப்படி முடிஞ்சது? நம்ம பாடத்துல மையநோக்கு விசை படிச்சோமே, அதேதான். வளைவுல போகும் பொருளை உள்பக்கமா இழுக்க ஒரு விசை வேணும். காருக்கு அதை டயரோட உராய்வு கொடுக்குது. வேகம் ரெண்டு மடங்கானா விசை நாலு மடங்கு தேவை. அவ்வளவு உராய்வு எந்த டயருக்கும் கிடையாது. அதனாலதான் பிரேக்கே போடுறோம். சாஸ்டெய்ன் டயரை நம்பலை. கார் சுவரைத் தள்ளுச்சு, நியூட்டனோட மூணாம் விதிப்படி சுவர் காரை உள்பக்கமாத் தள்ளுச்சு. டயரால முடியாத வேலையைச் சுவர் செஞ்சு கொடுத்தது. சுவரை உரசுறதால வேகம் கொஞ்சம் குறையும்தான், ஆனா பாதி வேகத்துல திரும்புறவங்களை முந்த அது போதும்.

அப்போ எல்லாரும் இப்படியே ஓட்டலாமேன்னு கேக்கலாம். 500 சுற்றும் முடியாது, கார் நொறுங்கிடும். ஆனா கடைசிச் சுற்றுல? நஷ்டமே இல்லையே! அங்கேதான் ஆபத்து. முப்பது பேர் ஒரே நேரத்துல ஒரே சுவருக்குப் பாய்ஞ்சா என்ன ஆகும்? சுவர்ல ஒரு இடத்துல கார் சிக்கினா அது சுழன்று மத்தவங்க மேல விழும். 2023 ஜனவரியில நாஸ்கார் தீர்ப்பு சொல்லிடுச்சு. புது விதி எழுதலை, ஏற்கெனவே இருந்த பாதுகாப்பு விதிப்படியே இனிமே இப்படிச் செஞ்சா நேர அபராதம் உண்டுன்னு அறிவிச்சாங்க. சாஸ்டெய்ன் செஞ்சது செல்லும், ஆனா அடுத்தவன் செய்யக் கூடாது. எங்க கிளாஸ்ல இதுக்கு ரெண்டு கட்சி. "துணிச்சலுக்குத் தடை போடலாமா?"ன்னு ஒரு கட்சி. நான் தடை சரின்னு சொல்ற கட்சி. பிரேக்கைப் பார்த்துப் பார்த்துக் காப்பாத்தி 499 சுற்று ஓட்டினவனை, கடைசி அரைச் சுற்றுல சுவர் தோற்கடிக்கிறது ஒரு தடவைக்கு அதிசயம். வருஷா வருஷம் நடந்தா அப்புறம் யாருதான் பிரேக்கைக் காப்பாத்துவாங்க?

அடுத்த வாரம் ஃபீனிக்ஸ்ல நடந்த இறுதிப் போட்டியில சாஸ்டெய்ன் மூணாவதா வந்தார். பட்டம் லோகானோவுக்கு. மார்ட்டின்ஸ்வில்ல அன்னைக்கு ஜெயிச்சவர் யாருன்னு சொல்லவே இல்லையே! கிறிஸ்டோபர் பெல். எல்லாரும் சுவரையே பார்த்துக்கிட்டிருந்தப்போ, அவர் முன்னாடியே கோட்டைத் தாண்டிக் கடிகாரத்தை வாங்கிட்டுப் போயிட்டார்.