கேமிங் கணினி: பாகம் பொருந்தாவிட்டால் யார் பொறுப்பு?

பட்ஜெட் கேமிங் கணினி அசெம்பிள் செய்பவருக்குப் பழுதான பாகம் ஒரு தொல்லை என்றால், ஒன்றோடொன்று சேராத நல்ல பாகங்கள் அதைவிடப் பெரிய தொல்லை. பழுதுக்கு வாரன்டி உண்டு, பொருத்தமின்மைக்குக் கிடையாது.

முதலில் பார்க்க வேண்டியது ப்ராசஸரும் மதர்போர்டும். ஏ.எம்.டி.யின் ரைசன் 5 5600 ஏ.எம்.4 சாக்கெட்டில் உட்காரும். 7600 வேண்டுமென்றால் ஏ.எம்.5 போர்டு, அதில் டி.டி.ஆர்.5 ரேம் மட்டுமே. இன்டெலின் 12, 13, 14-ஆம் தலைமுறைகளுக்கு எல்.ஜி.ஏ. 1700 பொதுவான சாக்கெட். ஆனால் போர்டைப் பொறுத்து ரேம் டி.டி.ஆர்.4 ஆகவோ டி.டி.ஆர்.5 ஆகவோ இருக்கும். இரண்டிலும் 288 பின்கள்தான், வெட்டு இருக்கும் இடம் வேறு. சாக்கெட் சரியாக இருந்தும் திரை இருண்டே கிடக்கலாம்: கடையில் நெடுநாள் கிடந்த பி450 போர்டு, பயாஸைப் புதுப்பிக்கும்வரை 5600-ஐ அடையாளம் காணாது. அந்த ப்ராசஸரிலும், பெயர் ‘எஃப்’ என்று முடியும் இன்டெல் ப்ராசஸர்களிலும் உள்ளமைந்த கிராபிக்ஸ் இல்லை. ‘கார்டை அடுத்த மாதம் வாங்கிக்கொள்ளலாம்’ என்ற கணக்கு அங்கே உதவாது.

பணத்தை மிச்சம் பிடிக்க எல்லோரும் கைவைக்கும் இடம் எஸ்.எம்.பி.எஸ். ஆபத்தும் அங்கேதான் அதிகம். பெட்டியில் ‘450 வாட்’ என்று கொட்டை எழுத்தில் இருப்பதை நம்பக் கூடாது. பக்கவாட்டு ஸ்டிக்கரில் 12 வோல்ட் வரியைப் படிக்க வேண்டும். அங்கே 18 ஆம்பியர் என்றிருந்தால், 12-ஐ 18-ஆல் பெருக்க 216 வாட். ஆர்.எக்ஸ். 6600 கார்டு மட்டுமே 132 வாட் வரை இழுக்கும். ப்ராசஸரையும் விசிறிகளையும் சேர்த்தால் மூச்சுமுட்டும். விளையாட்டு சூடு பிடிக்கும் நேரத்தில் கணினி அணைந்துபோவதற்கு இது ஒரு வழக்கமான காரணம். ஒரு நிறுவனத்தின் மாடுலர் கேபிளை இன்னொன்றின் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் செருகினால் ஹார்ட் டிஸ்க் எரிந்தே போகலாம்.

பழைய கிராபிக்ஸ் கார்டு சந்தையில் போலிகளும் உண்டு. பல ஆண்டு பழைய சிப்பின் பயாஸை மாற்றி ஜி.டி.எக்ஸ். 1050 டி.ஐ. என்று விற்பது தெரிந்த மோசடி. ஜி.பி.யு.-இசட் என்ற இலவச மென்பொருள் இத்தகைய கார்டுகள் பலவற்றைப் போலி என்று காட்டிக்கொடுக்கும். ஓட்டிப் பார்த்த பிறகே பணம் தர வேண்டும். விற்பவர் வியாபாரி அல்லாத தனிநபர் என்றால் நுகர்வோர் சட்டம் பெரிதாகக் கைகொடுக்காது.

கடையில் வாங்கும்போது சட்டம் துணைக்கு வரும், காகிதம் இருந்தால். பாகங்களைத் தானே தேர்ந்து வாங்கியவர் பொருத்தமின்மைக்குக் கடையைக் குறைசொல்வது கடினம். கடையே செட் சொல்லி அசெம்பிளும் செய்திருந்தால், சேவைக் குறைபாடு என்று வாதிட இடமுண்டு. அதனால் கொட்டேஷனிலேயே முழு மாடல் பெயரும், ‘இவை சேர்ந்து இயங்கும்’ என்ற ஒரு வரியும் எழுதி வாங்குவது நல்லது. பில்லில் சீரியல் எண்ணும் வேண்டும். 18 சதவீத ஜி.எஸ்.டி.யை மிச்சப்படுத்த பில்லை விட்டுக்கொடுப்பவர் வழக்கின் முதல் சான்றையே விட்டுக்கொடுக்கிறார்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி பில் தர மறுப்பதே நேர்மையற்ற வணிக நடைமுறை. குறைபாடுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லப்படாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் அப்படியே. மனம் மாறித் திருப்பித் தருவதற்கு இது பொருந்தாது. ஆன்லைன் தளமானால் அதன் குறைதீர் அலுவலர் புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

கடை அசையாவிட்டால் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் மனு போய்ச் சேர வேண்டும்.