மகளுக்கும் பேத்திக்கும் பிசிஓஎஸ்: வீட்டுப் பெரியவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

உங்கள் மகளுக்கோ பேத்திக்கோ 'பிசிஓஎஸ்' இருப்பதாக மருத்துவர் சொல்லியிருக்கலாம். 'கர்ப்பப்பை நீர்க்கட்டி' என்று பலரும் சொல்வது இதைத்தான். பயப்பட வேண்டாம். அதே நேரத்தில், 'கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்' என்று விட்டுவிடவும் வேண்டாம்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் 100 பேரில் 10 முதல் 13 பேருக்கு இது இருக்கிறது. அவர்களில் 70 விழுக்காட்டினர் வரை அதை அறியாமலேயே இருக்கிறார்கள்.

பிசிஓஎஸ் என்றால் என்ன?

இது சுரப்பிநீர் (ஹார்மோன்) சமநிலை மாறுவதால் வரும் நிலை. பல பெண்களுக்கு இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை. அதனால் உடல் கூடுதலாக இன்சுலினைச் சுரக்கிறது. அந்தக் கூடுதல் இன்சுலின், ஆண்களுக்கு அதிகமாக இருக்கும் ஹார்மோனைப் பெண்ணின் சினைப்பையில் கூட்டிவிடுகிறது. கருமுட்டை முழுதாக முதிராமல் நின்றுவிடுகிறது, மாதவிடாய் தள்ளிப்போகிறது.

ஸ்கேனில் தெரியும் சிறு சிறு 'கட்டிகள்' உண்மையில் முதிராத முட்டைப் பைகள். அவை புற்றுநோய்க் கட்டிகள் அல்ல. அறுத்து எடுக்க வேண்டியவையும் அல்ல.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

• மாதவிடாய் 35 நாளுக்கு மேல் தள்ளிப்போவது, அல்லது ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டும் வருவது
• முகவாய், மேலுதடு, மார்பு, வயிறு ஆகிய இடங்களில் தடித்த முடி
• நீங்காத முகப்பரு, உச்சந்தலையில் முடி உதிர்தல்
• வயிற்றைச் சுற்றி எடை கூடுதல்
• கழுத்திலும் அக்குளிலும் தேய்த்தாலும் போகாத கறுப்பு. இது அழுக்கு அல்ல. இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம்

ஒல்லியான பெண்களுக்கும் பிசிஓஎஸ் வரும். தாய்க்கோ அக்காள் தங்கைக்கோ இருந்தால் வாய்ப்பு கூடுதல். பெண் பூப்பெய்திய முதல் ஆண்டில் மாதவிடாய் முன்பின்னாக வருவது இயல்பு. அதன் பிறகும் 90 நாள் வரை வராமல் இருந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

மூன்று விஷயங்களைப் பார்க்கிறார்கள்: ஒழுங்கற்ற மாதவிடாய், ஆண் ஹார்மோன் கூடியதற்கான அறிகுறி அல்லது இரத்தப் பரிசோதனை முடிவு, ஸ்கேனில் தெரியும் சினைப்பையின் நிலை. வயது வந்த பெண்ணுக்கு இவற்றில் இரண்டு இருந்தால் பிசிஓஎஸ் என்று முடிவு செய்வார்கள். தைராய்டு போன்ற வேறு காரணங்கள் இல்லை என்பதையும் முதலில் உறுதி செய்வார்கள்.

திருமணமாகாத பெண்ணை அழைத்துப் போகத் தயங்கும் பெற்றோர் உண்டு. உள்ளே கருவி வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்பதில்லை. வயிற்றின் மேலே வைத்தும் ஸ்கேன் எடுக்கலாம். பதின்ம வயதுப் பெண்களுக்குப் பிசிஓஎஸ் கண்டறிய ஸ்கேன் தேவைப்படுவதில்லை.

கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும்?

மாதவிடாய் நீண்ட காலம் வராவிட்டால் கருப்பையின் உட்சுவர் தடித்துக்கொண்டே போகும். பல ஆண்டுகள் அப்படியே விட்டால் அங்கே புற்றுநோய் வரும் ஆபத்து கூடும். 'வராவிட்டால் நிம்மதி' என்று இருந்துவிடக் கூடாது என்பது இதனால்தான்.

இனிப்பு நீர், உயர் இரத்த அழுத்தம், கூடுதல் கொழுப்பு ஆகியவையும் இளவயதிலேயே வரலாம். இது நம் குடும்பங்களுக்கு மிக முக்கியம். 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில், மலேசியாவில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருப்பது தெரிந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. ஆகவே பிசிஓஎஸ் உள்ள பெண், வயது 20 ஆனாலும், ஒன்று முதல் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை சர்க்கரைப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். கர்ப்பம் தரித்தால் முதல் பரிசோதனையிலேயே பிசிஓஎஸ் இருப்பதைத் தாதியிடம் சொல்ல வேண்டும்.

சிகிச்சை

பிசிஓஎஸ் முற்றிலும் மறைந்துபோகும் நோய் அல்ல. ஆனால் நன்றாகக் கட்டுப்படுத்தலாம்.

• ஹார்மோன் மாத்திரை: திருமணமாகாத பெண்ணுக்குக் 'குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை' தருகிறார்களே என்று அதிர்ச்சி அடைய வேண்டாம். இங்கே அது மாதவிடாயை ஒழுங்குபடுத்தவும், கருப்பையைப் பாதுகாக்கவும், முடி, பருவைக் குறைக்கவும் தரப்படுகிறது. அது மலட்டுத்தன்மையை உண்டாக்காது. ஒற்றைத் தலைவலி, இரத்த உறைவு, உயர் இரத்த அழுத்தம் இருந்தால் முன்பே மருத்துவரிடம் சொல்லுங்கள்.
• மெட்ஃபோர்மின்: உங்களில் பலர் இனிப்பு நீருக்குச் சாப்பிடும் அதே மாத்திரை. இன்சுலின் சரியாக வேலை செய்ய உதவும். உணவோடு சாப்பிட்டால் வயிற்றுக் கோளாறு குறையும். உங்கள் மாத்திரையைப் பேத்திக்குக் கொடுக்காதீர்கள். அளவை மருத்துவரே சொல்ல வேண்டும்.
• குழந்தைக்காக: பிசிஓஎஸ் உள்ள பெண்களில் பெரும்பாலோர் தாயாகிறார்கள். சிலருக்குக் கருமுட்டை முதிர மாத்திரை தேவைப்படும்.

நாட்டு மருந்து வாங்கினால், பொட்டலத்தில் 'எம்ஏஎல்' பதிவு எண்ணும் ஹோலோகிராம் முத்திரையும் இருக்கிறதா என்று பாருங்கள். பதிவு இல்லாத சில மருந்துகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது கண்டுபிடிக்கப்பட்டுள்ளது. ஸ்டீராய்டு சர்க்கரையையும் எடையையும் கூட்டிவிடும். மருத்துவர் தந்த மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

உணவும் நடையும்

பேத்திக்கு மட்டும் தனிச் சமையல் வேண்டாம். வீடு முழுவதும் மாறினால்தான் அவளால் தொடர முடியும். தட்டில் கால் பாகம் சோறு, கால் பாகம் மீன், கோழி அல்லது பருப்பு, அரைப் பாகம் காய்கறி, பழம் என்பது சுகாதார அமைச்சின் 'சுக்கு சுக்கு செப்பாரோ' முறை. தே தாரிக், மைலோ, சிராப் ஆகியவற்றில் சீனியைக் குறையுங்கள்.

வாரத்துக்கு மொத்தம் 150 நிமிடம் வேக நடை போதும். நாளுக்கு 30 நிமிடமாக ஐந்து நாள். எடை கூடியிருந்தால் சிறிது குறைந்தாலே பலன் உண்டு: 80 கிலோ உள்ளவர் 4 கிலோ குறைத்தாலும் மாதவிடாய் சீராக வாய்ப்புண்டு.

வீட்டுப் பேச்சு

பிசிஓஎஸ் உள்ள பெண்களுக்கு மனச்சோர்வும் பதற்றமும் கூடுதலாக வருகின்றன. 'மீசை முளைக்கிறது', 'குண்டாகிவிட்டாய்', 'யார் கட்டிக்கொள்வார்கள்' என்ற சொற்கள் அவளை மருத்துவரிடமிருந்தும் உங்களிடமிருந்தும் விலக்கிவிடும். விருந்துகளில் உறவினர் கேட்டால், பதில் சொல்வதா வேண்டாமா என்பதை அவளே முடிவு செய்யட்டும். மருத்துவரிடம் அவள் சிறிது நேரம் தனியாகப் பேசவும் இடம் கொடுங்கள். மனம் மிகவும் சோர்ந்திருந்தால் சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசி 15555 எண்ணை அழைக்கலாம்.

உங்களுக்கும் இருந்திருக்கலாம்

உங்கள் இளவயதில் மாதவிடாய் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்ததா? பிள்ளைப்பேறு தாமதமானதா? அந்நாளில் இதற்குப் பெயர் சொல்ல ஆளில்லாமல் இருந்திருக்கலாம். மாதவிடாய் நின்ற பிறகும் சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றின் ஆபத்து நீங்குவதில்லை. அடுத்த முறை கிளினிக் போகும்போது இதை மருத்துவரிடம் சொல்லுங்கள். அரசாங்க உதவித் தொகை பெறும் குறைந்த வருமானக் குடும்பங்களில் 40 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள், 'பெக்கா பி40' திட்டத்தில் இலவசப் பரிசோதனை செய்துகொள்ளலாம்.

எங்கே போவது?

சுங்கை பாக்காப் வட்டாரத்தில் இருப்பவர்கள் முதலில் அருகிலுள்ள அரசாங்கச் சுகாதார கிளினிக்குக்குப் போகலாம். குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட். தேவைப்பட்டால் மருத்துவர் பரிந்துரைக் கடிதம் கொடுத்து, செபராங் ஜெயா மருத்துவமனை போன்ற இடங்களிலுள்ள மகளிர் நல நிபுணரிடம் அனுப்புவார். அடையாள அட்டை, கடைசி ஆறு மாத மாதவிடாய்த் தேதிகள், சாப்பிடும் எல்லா மருந்துகள் ஆகியவற்றைக் கொண்டு போங்கள். மலாய் மொழி சிரமம் என்றால், தமிழ் தெரிந்த தாதி இருக்கிறாரா என்று கூச்சமின்றிக் கேளுங்கள்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை:

• வேறு காரணம் இல்லை என்று பரிசோதித்தாயிற்றா?
• சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு எவ்வளவு?
• இந்த மாத்திரை எதற்கு? எவ்வளவு காலம்?
• அடுத்து எப்போது வர வேண்டும்?

'எடையைக் குறைத்துவிட்டு வா' என்பது மட்டுமே பதில் என்றால், இந்தக் கேள்விகளை மீண்டும் கேட்கலாம். வேறு மருத்துவரையும் நாடலாம்.

தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள்

• மாதவிடாய் நின்ற பிறகு ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும்
• 90 நாளுக்கு மேல் மாதவிடாய் வராவிட்டால்
• சில மாதங்களுக்குள் முகத்தில் முடி வேகமாக வளர்ந்தாலோ, குரல் தடித்தாலோ

ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேட் முழுதும் நனையும் அளவுக்கு இரத்தம் போனாலோ, மயக்கம் வந்தாலோ, உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள் அல்லது 999 எண்ணை அழையுங்கள்.