தசை எலும்பாகும் நோய்: முதல் அடையாளம் கால் பெருவிரலில்

உடம்பின் தசையும் தசைநாணும் சிறுகச் சிறுக எலும்பாக மாறும் நோய் ஒன்று உண்டு. பைப்ரோடிஸ்பிளேசியா ஒசிபிகன்ஸ் புரோகிரெசிவா என்பது அதன் முழுப் பெயர், மருத்துவர்கள் எஃப்.ஓ.பி. என்று சுருக்கிச் சொல்வார்கள். ஏறத்தாழப் பத்து இலட்சம் பேரில் ஒருவருக்கு இது இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. அந்தக் கணக்கில் இலங்கை முழுவதிலும் இருபது பேர் வரை இருக்கலாம். அப்படியிருக்க வத்தேகமவிலோ பன்விலவிலோ வாழும் ஒருவர் இதை ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்? இந்த நோய் பற்றிய ஆராய்ச்சி தந்த அறிவில், நமது ஊரில் இன்றைக்கே பயன்படக்கூடிய பகுதிக்கு மருந்தும் வேண்டாம், இயந்திரமும் வேண்டாம். பிறந்த குழந்தையின் இரண்டு கால் பெருவிரல்களைக் கவனித்துப் பார்த்தால் போதும்.

இந்த நோயோடு பிறக்கும் குழந்தை மற்றெல்லா வகையிலும் நலமாகவே தெரியும். பெருவிரல்கள் மட்டும் குட்டையாக, மற்ற விரல்களின் பக்கம் வளைந்து இருக்கும். பெரும்பாலும் பத்து வயதுக்கு முன்னர் கழுத்திலோ முதுகிலோ திடீரென்று ஒரு வீக்கம் தோன்றும். வலியோடு வரும் அந்த வீக்கம் சில வாரங்களில் அடங்கிவிடலாம். ஆனால் பல வேளைகளில் அது இருந்த இடத்தில் எலும்பு உருவாகியிருக்கும். பிறகு தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால் என்று மேலிருந்து கீழாக மூட்டுகள் பூட்டிக்கொள்கின்றன. இருபதுகளைக் கடக்கும்போது பலருக்குச் சக்கர நாற்காலி தேவைப்படுகிறது. விலாப்பகுதி இறுகி மூச்சுக்கு இடமில்லாமல் போவதே இறுதியில் உயிருக்கு ஆபத்தாகிறது. நாக்கு, உதரவிதானம், இதயம், கண்ணை அசைக்கும் தசைகள் ஆகியவற்றை இந்த நோய் தொடுவதில்லை. 1973இல் இறந்த ஹாரி ஈஸ்ட்லக் என்ற அமெரிக்கரின் எலும்புக்கூடு பிலடெல்பியாவின் முட்டர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரே துண்டாக இறுகிப்போன அந்த உடலைப் பார்த்தால் நோயின் போக்கு விளங்கும்.

காரணம் 2006இல் தெரியவந்தது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் எய்லீன் ஷோர், பிரெடரிக் கப்லன் ஆகியோரின் குழு, ஏ.சி.வி.ஆர்.1 என்ற மரபணுவில் ஒரேயொரு எழுத்து மாறியிருப்பதைக் கண்டுபிடித்தது. வழமையான எஃப்.ஓ.பி. உள்ளவர்களில் ஏறக்குறைய எல்லோரிடமும் அதே மாற்றம்தான் இருக்கிறது. எலும்பை உருவாக்கச் சொல்லும் செய்தியைக் கலத்துக்குள் அனுப்பும் புரதம் ஒன்றை அந்த மரபணு தருகிறது. அக்டிவின் ஏ என்ற வேறொரு புரதம் வழக்கமாக அதைத் தூண்டுவதில்லை. மாறிய வடிவமோ அதற்கும் எழுந்து வேலை செய்கிறது என்று 2015இல் தெரிந்தது. அயல்வீட்டுச் சாவிக்கும் திறந்துகொள்ளும் பூட்டுப் போன்றது இது. அழற்சியின்போது அக்டிவின் ஏ அதிகம் சுரக்கும். ஆகவே ஒரு விழுகை, ஒரு காய்ச்சல், தசையில் ஓர் ஊசி போன்றவை ஏன் புதிய எலும்பில் கொண்டுபோய் விடுகின்றன என்பதற்கும் இதிலேயே விளக்கம் கிடைக்கிறது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த மாற்றம் அநேகமாகக் குழந்தையிடம் புதிதாகத் தோன்றுவது. பெற்றோரிடம் அது இருப்பதில்லை. சொந்தத்துக்குள் கலியாணம் செய்ததால் வந்தது என்று தாய் தகப்பனைக் குற்றஞ்சொல்ல இதில் இடமே இல்லை.

இந்த நோயில் மருத்துவமே பெருந்தீங்கு செய்துவிடுகிறது. 2005இல் பீடியாட்ரிக்ஸ் சஞ்சிகையில் வெளியான ஆய்வொன்று 25 நாடுகளைச் சேர்ந்த 138 நோயாளிகளிடம் விவரம் கேட்டது. அவர்களில் 87 சதவீதமானோருக்கு முதலில் தவறான நோய்ப்பெயரே சொல்லப்பட்டிருந்தது. அடிக்கடி சொல்லப்பட்டது புற்றுநோய். மூன்றில் இரண்டு பங்கினருக்குத் தேவையில்லாமல் உடலை வெட்டியோ துளைத்தோ சோதனைகள் நடந்தன. ஏறக்குறையப் பாதிப்பேர் அத்தகைய தலையீடுகளால் நிரந்தரமாக அசைவை இழந்ததாகக் கூறினார்கள். கட்டியில் ஒரு துண்டை வெட்டிச் சோதிப்பது மற்றக் குழந்தைக்கு உயிர்காக்கும் நடைமுறை. இந்தக் குழந்தைக்கு அந்த வெட்டே அடுத்த எலும்புக்கு வித்து. உருவான எலும்பைச் சத்திரசிகிச்சையால் அகற்றினால் அதைவிட அதிகமாக வளர்கிறது. சுளுக்கென்று நினைத்து எண்ணெய் பூசி இழுத்து உருவுவதும் இப்படியே கெடுதல் செய்யும். முறிவு நெரிவு வைத்தியரிடம் முதலில் போகும் வழக்கமுள்ள நமது ஊர்களுக்கு இது முக்கியமான செய்தி.

இவ்வளவு அரிய நோய்க்காகச் சுகாதாரத் துறை நேரம் செலவிட வேண்டுமா என்பது நியாயமான கேள்வி. நாட்டில் இப்போது ஆண்டுக்கு இரண்டரை இலட்சத்துக்கும் குறைவான குழந்தைகளே பிறக்கின்றன. அதன்படி நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் இப்படியொரு குழந்தை பிறக்கக்கூடும். ஒரு மருத்துவ மாது தன் பணிக்காலம் முழுவதிலும் ஒன்றைக்கூடக் காணாமல் ஓய்வுபெறலாம். ஆனால் புதிதாக எதையும் தொடங்க வேண்டியதில்லை. இலங்கையில் ஏறக்குறைய எல்லாப் பிரசவங்களும் வைத்தியசாலைகளில்தான் நடக்கின்றன. குழந்தையைத் தலை முதல் கால் வரை பரிசோதிப்பதும், பிறகு மருத்துவ மாது வீடு தேடி வருவதும் ஏற்கெனவே நடைமுறையில் உள்ளவை. அந்தப் பார்வை கால் விரலில் ஒரு கணம் நின்றால் போதும். தவிர, அரிய நோயின் ஆராய்ச்சி அந்தச் சிலரோடு முடிவதில்லை. போரில் கை கால் இழந்தவர்களின் எஞ்சிய அவயவங்களிலும், இடுப்பு மூட்டுச் சத்திரசிகிச்சைக்குப் பிறகும் தேவையில்லாத எலும்பு வளர்வதுண்டு. அவற்றைப் புரிந்துகொள்ளவும் இதே மரபணு வழிகாட்டுகிறது.

தசையில் போடும் ஊசி ஆபத்து என்று எழுதினால் பெற்றோர் தடுப்பூசிக்கே அஞ்சுவார்களே என்பது இரண்டாவது ஆட்சேபம். அந்த அச்சத்துக்குக் காரணமில்லை. எஃப்.ஓ.பி. இல்லாத எல்லாக் குழந்தைகளுக்கும் எல்லாத் தடுப்பூசியும் உரிய காலத்தில் போடப்பட வேண்டும். வளைந்த விரலோடு பிறக்கும் குழந்தைகளிலும் மிகப் பலருக்கு இந்த நோய் இராது. பிறவியிலேயே இரண்டு பெருவிரல்களும் ஒன்றுபோலக் குட்டையாக வளைந்திருந்தால் மட்டும், தசையில் போடப்படும் இரண்டாம் மாதத் தடுப்பூசிக்கு முன்னர் குழந்தை மருத்துவ நிபுணரைக் காண வேண்டும். நோய் உறுதியானாலும், தோலுக்கடியில் போடக்கூடியவை எவை, தவிர்க்க வேண்டியவை எவை என்று முடிவெடுப்பது அவர்தான்.

குணமாக்க மருந்தில்லாத நோயை முன்கூட்டியே அறிந்து என்ன பயன் என்றும் கேட்கலாம். பலோவரோட்டீன் என்ற மருந்துக்கு 2022இல் கனடாவும் 2023இல் அமெரிக்காவும் அனுமதி அளித்தன. ஐரோப்பிய ஒன்றியம் அனுமதி தரவில்லை. அது புதிய எலும்பு உருவாவதைக் குறைக்கிறதே தவிர நிறுத்துவதில்லை. வளரும் பிள்ளையின் எலும்பு வளர்ச்சியைக் காலத்துக்கு முன்னரே முடித்துவிடும் ஆபத்து இருப்பதால் எட்டு வயதுக்குக் குறைந்த சிறுமியருக்கும் பத்து வயதுக்குக் குறைந்த சிறுவருக்கும் அது தரப்படுவதில்லை. அமெரிக்காவில் அதன் ஓராண்டு விலை ஆறு இலட்சம் டொலருக்கும் மேல். நமது நோயாளிக்கு அது எட்டாத தொலைவு. மருந்து எட்டாத இடத்தில்தான் தீங்கைத் தவிர்க்கும் அறிவுக்கு மதிப்பு அதிகம். வெட்டாமல், துளைக்காமல், உருவாமல் காத்த ஒவ்வோர் ஆண்டும் அந்தப் பிள்ளை கையை உயர்த்தித் தலைவாரிக்கொள்ளக்கூடிய ஆண்டு.

ஆகவே செய்ய வேண்டியது சிறியது. தாதியருக்கும் மருத்துவ மாதுகளுக்கும் தரும் பயிற்சியில் இந்தப் பெருவிரலின் படம் ஒன்று இடம்பெறட்டும். ஐயம் எழுந்தால் பேராதனையிலுள்ள சிறிமாவோ பண்டாரநாயக்க விசேட சிறுவர் வைத்தியசாலைக்குக் குழந்தையை அனுப்பும் வழி பிரதேசச் சுகாதாரப் பணிமனைகளுக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கட்டும். பெற்றோரும் குழந்தையின் கால்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். அத்தகைய விரல்கள் உள்ள பிள்ளைக்குக் கழுத்திலோ முதுகிலோ வீக்கம் வந்தால், வெட்டவும் உருவவும் விடாமல், முதலில் அந்த விரல்களை வைத்தியரிடம் காட்டுங்கள். மரபணுச் சோதனை பற்றிக் கேளுங்கள்.