யார் சொல்லும் கதை, எத்தனை பக்கம்?

நாவல் எழுதத் தொடங்கியவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "ஓர் அத்தியாயம் எத்தனை பக்கம் இருக்கலாம்?" நானும் கேட்டேன். "பத்துப் பக்கம்" என்றார் ஒரு நண்பர். "இப்போதெல்லாம் எல்லாரும் எல்ஆர்டியில் கைப்பேசியில்தான் படிக்கிறார்கள். நான்கு நிலையங்களுக்குள் முடித்துவிடுங்கள்" என்றார் இன்னொருவர். இரண்டையும் குறித்துக்கொண்டேன். ஒரே நாவலை மூன்று முறை திருப்பி எழுதிய பிறகுதான், அதற்கு முன்பே முடிவு செய்திருக்க வேண்டிய விஷயம் ஒன்று இருந்தது தெரிந்தது. கதையை யார் கண் வழியாகப் பார்க்கிறோம்?

நம் வீடுகளில் அதிகம் புழங்கிய நாவலையே எடுத்துக்கொள்வோம். 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை கல்கி வார இதழில் தொடராக வந்தது. ஐந்து பாகங்கள், 293 அத்தியாயங்கள். கடைசிப் பாகத்தில் மட்டும் 91. தொடர்கதை என்பதால் அத்தியாயங்கள் சிறியவை, அடுத்த இதழுக்கு ஏங்க வைக்கும் இடத்தில் நிற்பவை. இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். நான் கவனிக்கச் சொல்வது வேறு. கல்கி தாமே வாசகரோடு பேசிக்கொண்டு, தஞ்சை, பழையாறை, இலங்கை என்று நினைத்த இடத்துக்கெல்லாம் நம்மைக் கூட்டிப் போகிறார். அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை. ஆனால் ஆதித்த கரிகாலன் சாகும் நேரத்தில் மட்டும் விளக்கு அணைந்துவிடுகிறது. வந்தியத்தேவன் அங்கேயே இருக்கிறான், அவனும் பார்க்கவில்லை. எல்லாம் தெரிந்த கதைசொல்லி, அந்த ஓர் அறைக்குள் மட்டும் தம் பார்வையை ஓர் இளைஞனின் கண்ணளவுக்குச் சுருக்கிக்கொள்கிறார். கொன்றது யார் என்று நம் வீட்டுக் கூடங்களில் இன்றும் வாக்குவாதம் நடக்கிறதே, அதற்கு அந்த இருட்டுதான் காரணம்.

கண் மாறினால் கதையே மாறும் என்பதற்கு ஜெயகாந்தனைப் பார்க்கலாம். 1966இல் ஆனந்த விகடனில் வந்த 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதையில், கெடுக்கப்பட்டு வீடு திரும்பும் மகளைத் தாய் தண்ணீர் ஊற்றித் தேற்றி ஏற்றுக்கொள்கிறாள். அங்கே நாம் தாயோடு நிற்கிறோம். பிறகு அதே நிகழ்ச்சியிலிருந்து அவர் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலை எழுதியபோது, தாய் ஊரைக் கூட்டிவிட்டாள் என்று மாற்றினார். கதையைச் சொல்ல வருபவள் கங்காவேதான். தாய் காப்பாற்றியிருந்தால் கங்காவுக்குச் சொல்ல இத்தனை பக்கம் இருந்திருக்காது என்பது என் எண்ணம்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

1942, 43இல் ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே போட்ட 415 கிலோமீட்டர் ரயில் பாதைக்கு, மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் ஆயிரக்கணக்கில் கொண்டு போகப்பட்டார்கள். என் தாத்தாவும் போனார், திரும்பவில்லை. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' இரண்டையும் படித்த நாளிலிருந்து எனக்கும் எழுத ஆசை. அவர்கள் நம்மை அந்தக் காட்டுக்கே கொண்டுபோனவர்கள். நானும் அப்படியே தொடங்கினேன். தாத்தாவே 'நான்' என்று பேசுவார். காய்ச்சல், மழை, ஆறு, பசி எல்லாம் வரும். அத்தியாயத்துக்குச் சரியாகப் பத்துப் பக்கம்.

கையெழுத்துப் பிரதியை அத்தையிடம் கொடுத்தேன். தாத்தா லாரி ஏறியபோது அத்தை கைக்குழந்தை. ஒரு வாரம் கழித்து, "நல்லாத்தான் எழுதியிருக்க தம்பி. ஆனா இது யாரு? எங்கப்பா எப்படிப் பேசுவாருன்னு எனக்கே தெரியாது. உனக்கு எப்படித் தெரிஞ்சது?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

கற்பனை செய்ய எழுத்தாளனுக்கு உரிமை உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் என் தாத்தா பேசியது எங்கள் குடும்பத்தில் ஒரு சொல்கூட மிஞ்சவில்லை. அந்த வெற்றிடத்தில் நான் என் குரலை ஊற்றி, தாத்தா என்று பெயர் வைத்திருந்தேன்.

இரண்டாம் முறை கெட்டிக்காரத்தனமாக யோசித்தேன். வில்லியம் ஃபாக்னர் எழுதி 1930இல் வெளிவந்த 'ஆஸ் ஐ லே டையிங்' நாவலில் பதினைந்து பேர் மாறி மாறிப் பேசுகிறார்கள். 59 பகுதிகள். அதில் ஒரு பகுதி மொத்தமே ஐந்து சொற்கள். அந்த மயக்கத்தில் பாட்டி, கங்காணி, பக்கத்து லயத்துக்காரர், தாத்தா என நான்கு பேரையும் ஆளுக்கு மூன்று பக்கம் பேச வைத்தேன். அத்தை மகள் வேகமாகப் படித்தாள். பிறகு ஒரு வேலை செய்தாள். அத்தியாயத் தலைப்பில் இருந்த பெயரைக் கையால் மூடிக்கொண்டு, "மாமா, இது யார் பேசுறதுன்னு சொல்லுங்க பார்ப்போம்" என்றாள். மூன்றில் இரண்டு முறை எழுதியவனே தவறாகச் சொன்னேன். நான்கு பேருக்கும் என் வாய்தான் இருந்தது. (பல குரல் நாவல் எழுதுகிறவர்கள் வீட்டிலேயே இந்தச் சோதனையைச் செய்து பார்க்கலாம். செலவில்லாதது, மானம்தான் கொஞ்சம் போகும்.)

ஃபாக்னரின் அந்த ஐந்து சொற்களை அப்புறம்தான் சரியாகப் படித்தேன். பேசுவது தாயை இழந்த சிறுவன். அவனுக்கு அவ்வளவுதான் சொல்ல வரும். அளவை அவன் வாய் தீர்மானித்திருக்கிறது.

மூன்றாம் முறை பாட்டியோடு மட்டும் இருப்பது என்று முடிவெடுத்தேன். 'நான்' என்று இல்லை, 'அவள்' என்றுதான். அவள் பார்த்தது, கேட்டது, அதற்கு மேல் ஒன்றுமில்லை. லாரி தோட்டத்துச் சாலை வளைவில் மறைந்ததும் தாத்தா நாவலை விட்டுப் போய்விடுகிறார். சயாம் ஒரு பக்கத்தில்கூட வராது. எழுதி வைத்திருந்த காட்டுக் காட்சிகள் எண்பது பக்கத்துக்கு மேல். எடுத்து ஒதுக்கி வைக்கும்போது வலித்தது.

அதன் பிறகு பக்கக் கணக்கு தானாகவே அமைந்தது. பெரட்டுக்களத்தில் பெயர் வாசித்த அந்த ஒரு காலை பதினான்கு பக்கம் ஓடியது. ஏனென்றால் பாட்டி ஒவ்வொரு முகத்தையும் பார்த்தாள். காத்திருந்த ஆண்டுகளுக்கு அரைப் பக்கம் போதும். மரவள்ளிக் கிழங்கு நட்டாள், பிடுங்கினாள், திரும்ப நட்டாள். பதிப்பாளர் ஒருவர் புரட்டிவிட்டு, "அத்தியாயங்கள் சமமாக இல்லையே" என்றார். இல்லைதான்.

ஓர் அத்தியாயம் மட்டும் இன்னும் முடியவில்லை. போர் முடிந்து சயாமிலிருந்து உயிரோடு திரும்பிய ஒருவர், ஒருநாள் பாட்டி வீட்டு வாசலுக்கு வருகிறார். அவருக்கு எல்லாம் தெரியும். அவர் கண் வழியாக எழுதினால் தாத்தா எப்படிச் செத்தார் என்று வாசகருக்குச் சொல்லிவிடலாம். ஐந்து பக்கம் அப்படியும் எழுதினேன். படிப்பவர்கள் அழுவார்கள் என்று எனக்கே தெரிந்தது. அதைக் கிழிக்காமல் வைத்துக்கொண்டு, பாட்டி பக்கமிருந்து இன்னொன்று எழுதினேன். அவர் திண்ணையில் உட்காருகிறார். காப்பி குடிக்கிறார். "நான் வேற கம்பம்மா, பார்க்கல" என்கிறார். அவர் கை நடுங்கியதைப் பாட்டி பார்க்கிறாள். இரண்டு பக்கம்கூட வரவில்லை.

இரண்டையும் அத்தையிடம் கொடுத்திருக்கிறேன். போன ஞாயிறு போனபோது சின்னது மேசைமேல் இருந்தது, ஓரத்தில் பென்சில் கோடு ஒன்று போட்டிருந்தார். பெரியதை இன்னும் உறையிலிருந்தே எடுக்கவில்லை. "படிக்கிறேன் தம்பி, அவசரமில்லையே" என்றார்.