புயோ புயோவைப் படைத்த ஹிரோஷிமாக் கம்பெனி

விடியோ விளையாட்டு என்றவுடன் நிண்டெண்டோ, ஸேகா முதலிய பெரிய கம்பெனிகளின் பெயர்களே நம் நினைவுக்கு வருகின்றன. அவற்றின் நிழலிலே தோன்றி மறைந்த சிறு ஸ்தாபனங்கள் பல. தலைநகராகிய டோக்கியோவுக்கு வெகு தொலைவில், ஹிரோஷிமா நகரில் இயங்கிவந்த 'கம்பைல்' அவற்றுள் ஒன்று.

1982-ஆம் ஆண்டில் மஸமித்ஸு நீதானி என்பவர் இதனை நிறுவினார். தொடக்கத்தில் வீட்டுக் கணிப்பொறிகளுக்கும் விளையாட்டுப் பொறிகளுக்கும் உரிய ஆட்டங்களை இக்கம்பெனி இயற்றிவந்தது. 1986-இல் வந்த 'ஜானக்', 1988-இல் வந்த 'அலெஸ்தே' ஆகிய விண்போர் ஆட்டங்கள் அதற்கு நற்பெயர் தேடித் தந்தன. 1990-இல் 'மதோ மொனோகதாரி' என்னும் மாயக்கதை ஆட்டம் வெளியாயிற்று. அதில் கதாநாயகிக்கு எதிர்ப்படும் அற்பமான பகைகளுள் ஒன்று, புயோ என்ற உருண்டைப் பிராணி. 'புயோ புயோ' என்பது, நம் 'கொழகொழ' என்பதைப் போல, மென்மையைச் சுட்டும் இரட்டைச் சொல்.

இந்த அற்பப் பிராணியே கம்பெனியின் பெருஞ் செல்வமாயிற்று. 1991-இல் வெளியான 'புயோ புயோ' ஆட்டத்தில் வண்ணப் புயோக்கள் இரண்டிரண்டாக மேலிருந்து விழுகின்றன. ஒரே நிறத்தவை நான்கு ஒட்டிச் சேர்ந்தால் மறைந்துவிடும். அவை மறைந்த இடத்தில் மேலுள்ளவை சரிந்து மீண்டும் நான்காய்ச் சேருமாயின், அது தொடர் மறைவு. தொடர் நீள நீள, எதிராளியின் பக்கத்தில் பயனற்ற புயோக்கள் கொட்டும். அடுக்கு உச்சியைத் தொட்டுவிட்டால் தோல்வி. 1992-இல் ஸேகாவின் வாயிலாகக் காசு போட்டு ஆடும் நிலையங்களுக்கு வந்தபோது, இருவர் எதிரெதிரே அமர்ந்து ஆடும் இவ்விளையாட்டு ஜப்பான் முழுவதும் பரவிற்று.

வெற்றி கண்ட கம்பெனி தன் எல்லையை விரிக்கலாயிற்று. புயோ வடிவில் பூரணம் வைத்த இனிப்புப் பண்டம் விற்றது. அலுவலகங்களுக்குரிய மென்பொருளிலும் கைவைத்தது. பெரியதொரு கேளிக்கைப் பூங்கா அமைக்கவும் திட்டமிட்டது. பணியாளர் தொகையும் செலவும் வளர்ந்த வேகத்தில் வருவாய் வளரவில்லை. 1998-இல் கடன் தாங்காமல், கடன்காரரோடு இணக்கம் செய்துகொள்ள நீதிமன்றத்தை நாட நேர்ந்தது. புயோ புயோவின் உரிமை ஸேகாவின் கைக்குச் சென்றது. 1999-இல் அவ்வரிசையின் அடுத்த ஆட்டத்தை இயற்றியபோது, தான் ஈன்ற குழந்தையைத் தூக்குவதற்கே பிறருடைய அனுமதியைப் பெறவேண்டிய நிலையில் கம்பைல் இருந்தது. 2003-இல் கம்பெனி திவாலாயிற்று.

நீதானி ஓய்ந்துவிடவில்லை. 2016-இல் 'கம்பைல் மாரு' என்ற சிறு ஸ்தாபனத்தைத் தொடங்கி, மீண்டும் விளையாட்டு இயற்றும் பணியில் இறங்கினார். ஸேகாவோ புயோ ஆட்டங்களைத் தொடர்ந்து வெளியிட்டு வந்தது. 2014-இல் புகழ்பெற்ற டெட்ரிஸோடு அதனை இணைத்தும் ஓர் ஆட்டம் வந்தது.

நீண்ட தொடருக்கு ஆசைப்பட்டு உயர உயர அடுக்கிக்கொண்டே போகிறவர், ஒரு காய் தவறினால் ஆட்டத்தையே இழப்பார் என்பது புயோ புயோ ஆடும் சிறுவர்களும் அறிந்த பாடம். அதனை உலகுக்குக் கற்பித்த கம்பெனி, தன் கணக்குப் புத்தகத்தில் அதனை மறந்துபோயிற்று.