சில்லிட்ட குட்டிக்குப் பால் கொடுக்காதீர்கள்

கார்த்திகை மழை விடாமல் பெய்த ஓர் இரவில், எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே எங்கள் நாய் செம்பி குட்டி போட்டாள். மூன்று குட்டிகள் மடியைப் பிடித்துவிட்டன. நாலாவது எப்படியோ உருண்டு போய் வெறும் டைல்ஸ் தரையில் கிடந்தது. கத்தக்கூட இல்லை. கையில் எடுத்தால் ஆற்றுக் கூழாங்கல்லைத் தொட்டது போல இருந்தது. பசியில் துவண்டுவிட்டது என்று நினைத்துப் பசும்பாலை வெதுவெதுப்பாக்கி, இங்க் ஃபில்லரால் புகட்டினேன். கொஞ்சம் உள்ளே போனது, கொஞ்சம் மூக்கு வழியாக வந்தது. விடிவதற்குள் செத்துப்போனது.

மறுநாள் தாயைப் பார்க்க வந்த கால்நடை மருத்துவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "பால் குடுக்கறதுக்கு முன்னாடி அதோட வாய்க்குள்ள விரல வெச்சுப் பார்த்தீங்களா?"

வாய் சூடாக இருந்து விரலைச் சப்பினால் பால் கொடுக்கலாம். வாய் குளிர்ந்து, சப்பாமல் கிடந்தால் ஒரு சொட்டுகூடக் கூடாது. பிறந்த குட்டிக்கு உடம்பு நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளத் தெரியாது. தோலுக்கடியில் கொழுப்பும் மிகக் குறைவு. முதல் வாரத்தில் அதன் உடல் சூடே 95 முதல் 98 ஃபாரன்ஹீட்தான். 94-க்குக் கீழே இறங்கினால் குடல் ஏறக்குறைய நின்றுவிடும். உள்ளே போகும் பால் செரிக்காமல் தேங்கும், இல்லையென்றால் நுரையீரலுக்குள் இறங்கும். நான் பசி என்று நினைத்தது குளிர்.

நாய்ப் பிரசவம் என்றாலே குட்டி வெளியே வரும் அந்தச் சில மணி நேரத்தைத்தான் எல்லோரும் பயந்து பயந்து கேட்கிறார்கள். அதில் நம் கை படவேண்டிய வேலை குறைவு. சினை பிடித்து ஏறக்குறைய 63 நாள். கடைசி வாரம் காலையும் மாலையும் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். 101-ஐ ஒட்டி இருக்கும் சூடு 99-க்குக் கீழே போனால், பெரும்பாலும் ஒரு நாளுக்குள் வலி கண்டுவிடும். பின்னங்கால் முதலில் வந்தால் பதற வேண்டாம், நாய்களில் அது சகஜம். ஆனால் அரை மணி நேரம் பலமாக முக்கியும் குட்டி வரவில்லை, முதல் குட்டிக்கு முன்பே கரும்பச்சையாகக் கசிகிறது, உள்ளே குட்டி இருந்தும் இரண்டு மணி நேரமாக ஒன்றும் காணோம் என்றால் உடனே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடவேண்டும். யாரோ சொன்னார்கள் என்று பிரசவ வலியைத் தூண்டும் ஊசியை வாங்கி நாமே போட்டுவிடக் கூடாது. குட்டி குறுக்கே அடைத்திருந்தால் கருப்பையே கிழிந்துவிடலாம்.

குட்டியைச் சுற்றியிருக்கும் சவ்வைத் தாய் கிழிக்காவிட்டால் மட்டும் நாம் கிழித்து, மூக்கையும் வாயையும் துடைத்து, உலர்ந்த பருத்தித் துண்டால் அழுத்தித் தேய்க்கவேண்டும். ஈரம் போகும்வரை தேய்க்கவேண்டும். அந்த ஈரத்தோடுதான் சூடும் வெளியேறுகிறது.

எனக்குப் பெரிய கவலை நம் வீட்டுத் தரைதான். மொசைக், டைல்ஸ், கிரானைட் எல்லாமே குட்டியின் வயிற்றுச் சூட்டை உறிஞ்சிவிடும். மேலே ஃபேன் வேறு. முதல் வாரம் குட்டி படுக்கும் இடம் 29 முதல் 32 டிகிரி செல்சியஸ் இருக்கவேண்டும். நமக்குப் புழுக்கமாகத் தெரிகிற அந்தச் சூடுதான் அதற்குச் சரி. அகலமான அட்டைப்பெட்டி, அடியில் கோணிச்சாக்கு, அதன்மேல் பழைய பருத்திப் புடவை. ஒரு மூலைக்கு மேல் மட்டும் எட்டாத உயரத்தில் ஒரு குண்டு பல்ப். மறு மூலை சூடில்லாமல் இருக்கட்டும், வெப்பம் தாங்காத குட்டி அங்கே ஊர்ந்து போகும். ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து முனகினால் குளிர்கிறது, திசைக்கொன்றாகச் சிதறிக் கத்தினால் சூடு அதிகம்.

சில்லிட்ட குட்டியைச் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி, இரண்டு மணி நேரம்கூட ஆகும். அவசரப்பட்டு வெந்நீர்ப் பையை உடம்போடு ஒட்டினால் தோல் வெந்துவிடும். மனிதக் கை வாசனை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பார்கள். பழகிய கையைச் செம்பி ஒருநாளும் வெறுத்ததில்லை. பல தாய்நாய்கள் ஒதுக்குவது குளிர்ந்து அசையாமல் கிடக்கும் குட்டியைத்தான். இளங்குட்டிகளைக் கொல்லும் ஹெர்பிஸ் வைரஸ்கூட வளர்ந்த நாயின் உடல் சூட்டில் அவ்வளவாகப் பெருகாது, அதைவிடக் குறைந்த சூட்டில்தான் செழிக்கும்.

உடம்பு சூடான பிறகு தாய்ப்பால்தான் முதலில். பிறந்த நாளுக்குள் சீம்பால் வயிற்றுக்குள் போயாக வேண்டும். தாய் இல்லையென்றால் குட்டிகளுக்கென்றே விற்கும் பால்மாவு வாங்குங்கள். நாய்ப்பாலில் பசும்பாலைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு புரதமும் கொழுப்பும் உண்டு. பசும்பால் வயிற்றோட்டத்தில் கொண்டுவிடும். கைக்குழந்தை மாதிரி மல்லாத்திப் புகட்டாதீர்கள், குப்புற இருக்கும்போதுதான் அது குடிக்கவேண்டும். குடித்ததும் ஈரப் பஞ்சால் அடிவயிற்றின் கீழே தடவுங்கள். தாய் நக்கிவிடாமல் அதற்குச் சிறுநீர் பிரியாது. பிரசவமான சில வாரத்தில் தாய் விறைத்து நடந்தாலோ, உடம்பு வெடவெடத்தாலோ கால்சியம் இறங்கியிருக்கும். மருத்துவரிடம் போவதை ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

தெருநாய் யாரைக் கேட்டுக் குட்டி போடுகிறது, இயற்கை பார்த்துக்கொள்ளும் என்பவர்கள் உண்டு. ஒரு காலத்தில் அது சரியாகக்கூட இருந்திருக்கலாம். வைக்கோற்போருக்கு அடியிலும் மண்மேட்டிலும் பள்ளம் தோண்டி, அதில் சுருண்டு படுத்துத் தாய் ஈனும். காய்ந்த மண் சூட்டை விடாது. இன்று எங்கள் தெருவில் தோண்ட ஒரு முழ மண் இல்லை. வாசல்வரை சிமென்ட். அதுவும் இங்கே தெருநாய்கள் அதிகம் குட்டி போடுவது மழையும் பனியும் சேர்ந்த இந்த மாதங்களில்தான். போன வாரம் நின்றிருந்த காருக்கடியில் ஒருத்தி ஐந்து போட்டிருந்தாள். அரிசிச் சாக்கு இரண்டை அடியில் செருகிவிட்டு, காற்று வரும் பக்கம் அட்டையைச் சாய்த்து வைத்தேன். உறுமினாள், கடிக்கவில்லை.

செம்பி அடுத்த ஈற்றில் ஆறு போட்டாள். மார்கழி மாதம். சமையலறைத் தராசில் தினமும் நிறுத்து நோட்டில் எழுதினேன். எடை ஏறாத குட்டியைத்தான் முதலில் கவனிக்கவேண்டும். மூன்றாம் நாள் விடிகாலை, கடைசிக் குட்டி பெட்டி ஓரத்தில் தனியாகக் கிடந்தது. சட்டைக்குள் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். பால்காரர் மணியடிக்கும்போது வாய்க்குள் விரலை வைத்தேன். பிடித்து இழுத்தது. பால் அதிகம் சுரக்கும் பின்மடியில் கொண்டுபோய் விட்டேன்.