புஷ்ஷுக்கு எந்த கிரீஸ்?

அம்பத்தூர் வாசகர் ஒருவர் கேட்கிறார்: காரின் ஸ்டெபிலைசர் புஷ் மாற்றும்போது மெக்கானிக் கிரீஸ் தடவிப் பூட்டினார். கீச்சுச் சத்தம் உடனே நின்றது. சில மாதங்களில் ஸ்பீட் பிரேக்கர் ஏறினாலே ‘டொக் டொக்’ என்கிறது. கழற்றிப் பார்த்தால் புதுப் புஷ் உப்பித் தளர்ந்து கிடக்கிறது. விலை கூடிய கிரீஸ் வாங்கியிருக்க வேண்டுமோ?

வேண்டாம். உப்பியது என்ற ஒரு சொல்லே போதும். இங்கே குறை கிரீஸின் தரத்தில் இல்லை, அதைத் தடவிய இடத்தில் இருக்கிறது. கடையில் எம்.பி. (மல்டி பர்ப்பஸ்) கிரீஸ் என்று கேட்டால் கொடுப்பது, பெரும்பாலும் லித்தியம் சோப்பின் நுண்ணிழைகள் பெட்ரோலிய எண்ணெயைப் பிடித்து வைத்திருக்கும் கலவை. அதில் முக்கால் பங்குக்கு மேல் எண்ணெய்தான். வீல் பேரிங்கில் அந்த எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து இரும்பைக் காக்கும். இயற்கை ரப்பரில் தடவினால் உள்ளே குடியேறிவிடும்.

ரப்பரும் ஹைட்ரோகார்பன், எண்ணெயும் ஹைட்ரோகார்பன். ஒன்றோடொன்று கலக்கத் தடையே இல்லை. ரப்பரின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளுக்கு நடுவே எண்ணெய் புகப் புக, சங்கிலிகள் விலகி இடம் விடுகின்றன. வல்கனைஸ் செய்தபோது கந்தகம் போட்ட முடிச்சுகளோ விரிய விடாமல் இழுக்கின்றன. கலக்கும் ஆசையும் முடிச்சின் இழுப்பும் சரிக்குச் சரியாகும் இடத்தில் வீக்கம் நிற்கிறது. இந்த இழுபறியை 1943இல் ஃபுளோரியும் ரெஹ்னரும் ஒரே சமன்பாட்டில் அடக்கிவிட்டார்கள். பாலிமர் வேதியியலில் எனக்கு இதைவிடப் பிடித்த இடம் கிடையாது.

சாம்பார் வடையை நினைத்துக்கொள்ளுங்கள். வடை ஊறிப் பெருக்கும், கரையாது. வெந்த மாவு பிணைந்து நிற்கிறது. வேகாத மாவைப் போட்டால் சாம்பாரோடு சாம்பாராகிவிடும். முடிச்சில்லாத பச்சை ரப்பரும் எண்ணெயில் அப்படித்தான் கரையும். சூடான சாம்பாரில் வடை சீக்கிரம் ஊறும். சித்திரை வெயிலில் சி.டி.எச். சாலையில் ஊர்ந்துபோகும் காரின் புஷ்ஷும் எண்ணெயை வேகமாகக் குடிக்கும். ஊறிய வடை கரண்டி பட்டதும் பிட்டுக்கொள்வதுபோல வீங்கிய ரப்பரும் எளிதில் கிழியும்.  சிலிகோன் எண்ணெயோ இயற்கை ரப்பரில் அப்படி ஊறுவதில்லை: மேலே வழுக்கும், உள்ளே அதிகம் போகாது.

ஆகவே ஸ்டெபிலைசர் புஷ்ஷுக்கு உயவு வேண்டுமென்று கார் கம்பெனி சொன்னால் சிலிகோன் கிரீஸ். பாலியூரித்தேன் புஷ்ஷுக்கும் அதுதான். அதற்காக சிலிகோனை எல்லா இடத்திலும் அப்பக் கூடாது. இரும்பும் இரும்பும் பாரத்தோடு உரசும் இடத்தில் அதன் படலம் தாங்காது. நிப்பிள் வைத்த பழைய பால் ஜாயிண்ட்டுக்கு லித்தியம் கிரீஸே சரி. பக்கத்து ஷெட்டில் பெயிண்டிங் நடந்தால் இன்னும் கவனம் வேண்டும். சிலிகோன் பட்ட கையால் தொட்ட தகட்டில் பெயிண்ட் ஒட்டாமல் குழி குழியாக விலகும்.

வரலாறு கேட்பவர்களுக்கு: 1839இல் குட்இயர் ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கினார், 1942இல் ஏர்ல் லித்தியம் கிரீஸுக்குக் காப்புரிமை பெற்றார். இரண்டையும் ஒன்றாகப் பூசச் சொன்னவர் யாருமில்லை.

டப்பாவில் ‘நானோ’, ‘செராமிக்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். கிரீஸின் சிவப்பும் நீலமும் வெறும் சாயம். என்.எல்.ஜி.ஐ. 2 என்ற எண்ணும் தரச் சான்று இல்லை: 25 டிகிரி வெப்பத்தில் ஒரு கூம்பு ஐந்து விநாடியில் கிரீஸுக்குள் 26.5 முதல் 29.5 மில்லிமீட்டர் வரை இறங்குகிறது என்று மட்டுமே பொருள். கெட்டித்தன்மையைச் சொல்லும் அந்த எண், உள்ளே இருப்பது எந்த எண்ணெய் என்று சொல்லாது. பார்க்க வேண்டியதோ அதைத்தான்.

எல்லாப் புஷ்ஷுக்கும் கிரீஸ் தேவையும் இல்லை. லோயர் ஆர்ம் புஷ் பெரும்பாலும் இரும்புக் குழாயோடு ஒட்டியே வார்க்கப்பட்டது. அது வழுக்குவதில்லை, ரப்பரே முறுக்கிக்கொண்டு திரும்பி வருகிறது. அதற்கு எந்த கிரீஸும் கூடாது. அழுத்தி ஏற்றச் சிரமமாக இருந்தால் சோப்புத் தண்ணீர் போதும், காய்ந்துவிடும். அதன் போல்ட்டை வண்டி ஜாக்கியில் தொங்கும்போது முழுவதும் இறுக்காதீர்கள். சக்கரம் தரையில் ஊன்றி, வண்டியின் பாரம் இறங்கிய பிறகு இறுக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் வண்டி சும்மா நிற்கும்போதும் ரப்பர் முறுக்கியபடியே இருந்து சீக்கிரம் கிழியும்.